சுளிப்பு சாருக்குக் கேட்ட சத்தம்

ஊரில் உள்ள ஓட்டல்காரர்கள் எல்லோரும் கூட்டம் போட்டு யோசித்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமான பெயரை வைத்திருக்க முடியாது. சுளிப்பு சார். உணவு ஆய்வாளர் உத்தியோகம். ஓட்டல், பேக்கரி, கல்லூரி விடுதி என்று அடுப்பு எரிகிற இடமெல்லாம் போய்ச் சட்டிக்குள் தலையை விட்டுப் பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வாசலில் அவர் தலை தெரிந்ததும் உள்ளே ஓடிச் சொல்வதற்கு ஒவ்வொரு கடையிலும் ஒருவன் இருந்தான். "சுளிப்பு வருது" என்பான். அடுத்த நிமிடம் அடுப்படியில் துடைப்பமும் துணியும் பறக்கும்.

மனிதரை ஒரேயடியாகக் குறை சொல்லிவிடவும் முடியாது. அவர் கண்டதை நாம் கண்டிருந்தால் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. மாவு மூட்டையின் அடியில் கரப்பான் குஞ்சுகள். பொரித்த எண்ணெயிலேயே பொரித்துப் பொரித்துத் தாராகிப்போன சட்டி. ஒரு பேக்கரியின் குளிர்பெட்டியில் கேக்குக்கும் வெண்ணெய்க்கும் நடுவே ஒரு ஜோடி காலுறை. இங்கே ஏன் வைத்தாய் என்று கேட்டால், "மத்தியானம் ரொம்பப் புழுங்குது சார்" என்றானாம் அந்தப் புண்ணியவான். இப்படிப் பார்த்துப் பார்த்து அவர் முகத்தில் கோடு விழுந்துவிட்டது. மூக்கின் இரு பக்கமும் தொடங்கி வாயோரம் வரைக்கும் இறங்கும் கோடு. மேலுதடு ஒரு பக்கமாக ஏறியே நிற்கும். மாலையில் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வருகிறவர் அந்த முகத்தையும் அங்கேயே வைத்துப் பூட்டிவிட்டு வரக் கூடாதோ? அது முடியவில்லை. அந்த முகத்தோடுதான் சாப்பிட உட்கார்வார். மகளின் மதிப்பெண்ணையும் மனைவியின் புதுப் புடவையையும் அந்த முகத்தோடுதான் பார்ப்பார்.

இப்படிப்பட்டவருக்கு உலகத்தில் ஒரே ஒரு நண்பன். அவனும் அவராகத் தேடிப் பிடித்தவன் அல்ல; கல்யாணத்தோடு கூடவே வந்து சேர்ந்தவன். மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். நாள் முழுக்க, கிளட்சை எப்போது விடுவது என்று தெரியாமல் நடுங்குகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, "பரவால்ல, மறுபடி போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பது அவன் பிழைப்பு. ஒருவர் எதையும் பரவாயில்லை என்று சொன்னதே கிடையாது. இன்னொருவன் வேறெதையும் சொன்னது கிடையாது. ஏணிக்கும் கோணிக்கும் என்ன பொருத்தம் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் இரண்டு பேருக்கும் மோட்டார் சைக்கிள் பைத்தியம். தனித்தனியாக வாங்க அக்கா தங்கை இருவரும் விடவில்லை. சேர்ந்து ஒன்று வாங்கினார்கள். பெரிய பழைய டூரிங் பைக். அகலமான சீட்டு, இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி. ஒரு மாதம் இவர் வீட்டில், மறுமாதம் அவன் வீட்டில். வருஷத்துக்கு ஒரு முறை இருவரும் அதிலேயே ஏறி நெடுந்தூரம் போய் வருவார்கள். ஒரு பெட்ரோல் பங்க் வரை ஒருவர் ஓட்டினால் அடுத்த பங்க் வரை மற்றவர்.

அந்தப் பயணத்துக்காகத்தான் ஆய்வாளர் வருஷம் முழுவதையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சகலையிடம்கூட. வண்டி இல்லையென்றால் பயணம் இல்லை. பயணம் இல்லையென்றால் அந்த மனிதரோடு மனம்விட்டுப் பேச ஈ காக்கை கிடையாது.

அந்த வருஷப் பயணத்துக்கு நாள் நெருங்கியபோதுதான் சத்தம் வந்தது.

குளிர்ந்த எஞ்சினில் ஒன்றும் கேட்காது. சூடாகி, மேட்டில் ஏறி, கொஞ்சம் முறுக்கினால் மட்டும் அடிவயிற்றிலிருந்து டொக், டொக், டொக். குளியலறைக்குள் தாழ்ப்பாள் சிக்கி மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து தட்டுவார்களே, அந்த மாதிரி. ஆய்வாளர் வண்டியை நிறுத்திவிட்டுச் சாலையோரம் குந்தி உட்கார்ந்து கேட்டார். நின்றிருக்கும்போது நல்ல பிள்ளையாக இருந்தது. ஏறி மேட்டில் விட்டால் மறுபடி டொக்.

வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? அலுவலக டிரைவர் செயின் என்றான். பெட்ரோல் பங்கில், "வேற எங்கயோ கலப்படம் போட்டிருக்கீங்க சார்" என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் சீட்டில் ஒரு குத்து விட்டுப் பார்த்து, ஏதோ ஒரு நட்டு லூஸ் என்று தீர்ப்புச் சொன்னார். ஆய்வாளர் யார் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்ன சத்தம் என்று தெரிவதற்கு முன்பே யாரால் வந்த சத்தம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

சகலையின் மாதம் முடிந்து வண்டி வீட்டுக்கு வரும் கோலத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பக்கப் பெட்டியைத் திறந்தால் நிலக்கடலைத் தோல். அதற்கடியில் ஈரத்தோடு சுருட்டி வைத்த கையுறை, பூஞ்சை பிடித்துப் பச்சையாக. ஒரு முறை ஸ்பானரோடு ஒட்டிக் கறுத்துப்போன வாழைப்பழத் தோல் ஒன்று கிடைத்தது. அதை இடுக்கியால் எடுக்கும்போது ஆய்வாளருக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்துவிட்டது. சீ, மனுஷன்தானா இவன் என்று நினைத்தார். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, வீட்டின் பின்பக்கம் குழாயடியில் வண்டியை நிறுத்தி, சோப்பும் பல் துலக்கும் பிரஷுமாக அரை நாள் தேய்ப்பார்.

வெளியே கழுவியதோடு அவருக்கு ஆறுவதில்லை. எஞ்சின் எண்ணெயை இறக்கினால் கன்னங்கரேலென்று, பிசுபிசுவென்று, அவர் கனவில் வரும் ஓட்டல் சட்டியைப் போலவே இறங்கும். உள்ளே இன்னும் எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்தாலே உடம்பு கூசும். ஆகவே எண்ணெயை வடித்த பிறகு மண்ணெண்ணெயை ஊற்றுவார். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வடித்து, மறுபடி ஊற்றி, மறுபடி ஓடவிட்டு வடிப்பார். குடல் கழுவுவது என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். வாளியில் விழும் கறுப்பைக் குனிந்து பார்ப்பார். அருவருப்பிலும் ஒரு ருசி உண்டு. அது பட்டவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில் தெளிவாக ஒழுகத் தொடங்கியதும் புது எண்ணெயை ஊற்றி மூடிவிட்டு, யாரோ செய்த பாவத்தைத் தான் கழுவிய பெருமையோடு கை கழுவப் போவார். சில வருஷங்களாக, வண்டி வரும்போதெல்லாம் இதே சடங்குதான்.

சத்தம் கேட்ட மறுநாள் அந்த எண்ணெயில் கொஞ்சம் பிடித்தார். வெயிலில் காட்டினால் கறுப்புக்குள் மினுமினுவென்று பொடி. இரும்பு தேய்ந்து உதிர்ந்த பொடி என்று அவருக்கே தெரிந்தது. அதை என்ன செய்தார் என்கிறீர்கள்? கெட்டுப்போன பாலை எடுத்துச் சீல் வைப்பது போலச் சீசாவில் ஊற்றி, மூடி, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, தேதி எழுதி ஒட்டினார். வேறு எப்படி ஒரு குற்றத்தைச் சொல்வது என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் விருந்து. கொழுந்தியாள் பரிமாறிக்கொண்டிருந்தாள். எல்லோரும் முதல் வாய் எடுத்த நேரத்தில் ஆய்வாளர் சீசாவைப் பையிலிருந்து எடுத்துக் கறிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது என்ன அத்தான்?" என்றாள் கொழுந்தியாள்.

"உன் வீட்டுக்காரன் நம்ம வண்டிக்குள்ள விட்டு வச்சிருக்கிறது. குப்பைத் தொட்டி தோத்துடும். எஞ்சின் போச்சு. உள்ளே டொக்கு டொக்குன்னு அடிக்குது. எப்படி இருக்கணும்னு ஒருத்தனுக்குச் சின்ன வயசுலேயே சொல்லிக் கொடுத்திருக்கணும்."

அவருடைய மனைவி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சகலை சீசாவைப் பார்த்தான், அரக்கைப் பார்த்தான், ஆய்வாளரின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த தன் சாவியைக் கொண்டுவந்து சீசாவின் பக்கத்தில் வைத்தான்.

"சரிண்ணா. என் தப்புதான். வண்டியை நீங்களே வச்சுக்கங்க."

சண்டை போடுவான் என்று வந்தவருக்கு இது சப்பென்று ஆகிவிட்டது. தப்பு என்று ஒத்துக்கொண்டவனை மேலும் என்ன சொல்வது? சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தான் சொன்னது நியாயம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் உம் கொட்டினாள்.

அந்த வண்டியை எப்போதும் பார்க்கிற மெக்கானிக்கின் பட்டறையைப் பற்றி ஆய்வாளருக்கு ஒரே ஒரு வருத்தம்: அதற்குச் சீல் வைக்கும் அதிகாரம் தனக்கு இல்லையே என்பது. தரையில் எண்ணெய் ஒரு விரற்கடைக்குப் படிந்து செருப்பைப் பிடித்து இழுக்கும். மெக்கானிக் பெருத்த உடம்புக்காரன், வாயாடி, தன்னைவிட்டால் ஆளில்லை என்ற நினைப்பு. அன்று அவன் கறுத்த விரல்களாலேயே ஒரு பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளைப் பன்னில் கறுப்பு ரேகை. அதையும் விடாமல் தின்றான். ஆய்வாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்த எண்ணெயைப் பாருய்யா முதல்ல" என்று சீசாவை நீட்டினார்.

மெக்கானிக் அரக்கைப் பார்த்துச் சிரித்தான். "இதை எந்தக் கோர்ட்டுக்குக் கொண்டு போறீங்க? எண்ணெய் கருப்பாத்தான் சார் இருக்கும். அழுக்கைத் தன் மேல வாங்கிக்கிறதுதான் அதோட வேலை. வெள்ளையாவே இருந்தா அது வேலை செய்யலன்னு அர்த்தம். இந்த மினுக்கிற பொடிதான் ஆகாது. வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க."

சூடாகும் வரை ஓடவிட்டான். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டான். தலைப்பகுதியில் வைத்தான். "டாப்பெட் இல்ல." பக்கத்தில் வைத்தான். "செயின் இல்ல." கீழே இறக்கினான். ஆக்சிலேட்டரை முறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். முகம் மாறியது. "நீங்களே கேளுங்க" என்று ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தான். அவன் காதில் வைத்த பிடியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு ஆய்வாளர் காதில் வைத்தார். டொக் டொக் என்று கேட்டது இப்போது இரும்பின் வழியாக நேராகத் தலைக்குள் இடித்தது.

"கிராங்க் பேரிங். எண்ணெய் போய்ச் சேராம காய்ஞ்சு தேய்ஞ்சிருக்கு. ஏன் போய்ச் சேரலன்னு அடியைக் கழட்டினா தெரியும்."

கழற்றினான். எண்ணெயை உறிஞ்சும் பம்பின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கிறது. எண்ணெய் அதன் வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். அந்த வலை முழுவதும் கறுப்புக் களி அடைத்திருந்தது. மெக்கானிக் அதை ஆள்காட்டி விரலால் வழித்து ஆய்வாளரின் மூக்குக்கு நேராகக் காட்டினான். வடிகாலில் பிடித்த கசடு மாதிரி விரலில் தொங்கியது. ஆய்வாளர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பார்த்தியா? நான் சொல்லல? இதுதான் அவன் லட்சணம்" என்றார்.

"எவன் லட்சணம்? இது எந்தக் காலத்துக் கசடு தெரியுமா? எல்லாப் பழைய எஞ்சின்லயும் இருக்கும். அது பாட்டுக்கு மூலையில ஒட்டிக்கிட்டு யாருக்கும் தொந்தரவில்லாம கிடக்கும். மண்ணெண்ணெய் ஊத்திக் கலக்கினா கட்டி கட்டியா பேந்து வந்து வலையை அடைக்கும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்." விரலைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டான். "ஏன் சார், அதுக்கப்புறமும் ஊத்தினீங்களா? உங்க சகலைகிட்ட அன்னிக்கே சொன்னேனே."

"என்ன சொன்னே?"

"மழைக்காலத்துல வண்டியைக் கொண்டுவந்தாரு. அப்ப லேசா டிக் டிக்குன்னு மேலதான் கேட்டுச்சு. முகர்ந்து பார்த்தேன், மண்ணெண்ணெய் வாடை. யாருன்னு கேட்டேன். அண்ணன் சுத்தம் பண்ணுவாருன்னாரு. இத்தோட நிறுத்தச் சொல்லுங்க, வண்டி பொழைச்சுக்கும்னேன். சரின்னு தலையை ஆட்டிட்டுப் போனாரு. சொல்லலையா?"

கழற்றிப் போட்ட வலையை ஆய்வாளர் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். எத்தனை அடுப்படிகளில் எத்தனை பேரை நிறுத்தி வைத்து, இது உன் கை செய்த வேலை என்று சொல்லியிருப்பார். இப்போது தன் கையே தனக்குக் குமட்டியது. ஆனால் குமட்டலை விழுங்கியதும் அவருக்குள் எழுந்தது வேறொன்று. தெரிந்துமா சொல்லவில்லை? தெரிந்தே வண்டியைச் சாக விட்டானா? விருந்தில் என் தப்பு என்று சாவியைக் கொடுத்தது நடிப்பா? அடப்பாவி என்று சொல்லிக்கொண்டே கிளம்பினார்.

சகலையின் கார் விளையாட்டு மைதானத்தின் ஓரம் நின்றிருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, நெற்றியெல்லாம் வியர்வை. இவரைக் கண்டதும் சகலை ஏதோ சொல்லி அந்த அம்மாளை இறக்கி அனுப்பினான். இவர் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அது சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. பல பேரின் பயம் சேர்ந்து காருக்குள் ஒரு வாடை வீசியது. சகலை பக்கத்துச் சீட்டில், கால் தன்னுடைய தனி பிரேக்கின் மேல், பார்வை நேர் எதிரே மைதானத்தில்.

"வலை அடைச்சிருந்துச்சு. மண்ணெண்ணெயால. உனக்கு மழைக்காலத்துலயே தெரியுமாமே" என்றார் ஆய்வாளர்.

"தெரியும்ணா."

"தெரிஞ்சும் ஏன் என்கிட்ட சொல்லல?"

கார் பழக வருகிறவர்களுக்குச் சொல்வது போலவே, சகலை நிதானமாகச் சொன்னான்.

"சொல்லத்தான் வந்தேன். நீங்க குழாயடியில பெட்டியைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தீங்க. அண்ணா, அந்த எண்ணெய் விஷயம்னு ஆரம்பிச்சேன். திரும்பிப் பார்த்தீங்க. சாப்பாட்டுல புழு கிடந்தா ஒரு பார்வை பார்ப்பீங்களே, அந்தப் பார்வை. பேச்சை மாத்திட்டேன். அப்புறம் இன்னொரு நாள் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

"ஒரு பார்வைக்குப் பயந்தா எஞ்சினைச் சாக விட்டே?"

"பயம்னு இல்ல. சலிப்பு. உங்ககிட்ட ஒரு தப்பைச் சொல்றதுக்கு எஞ்சின் போறதே மேல்னு பட்டுச்சு. தப்புதான். ஆனா அப்படித்தான் பட்டுச்சு."

ஆய்வாளர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் எதுக்கு இத்தனை வருஷம் என்கூட ஊர் ஊரா வந்தே?"

"வண்டியில ஹெல்மெட் போட்டிருப்பீங்களேண்ணா. பின்னாடி உட்கார்ந்தா முகம் தெரியாது, குரல் மட்டும் கேக்கும். அங்க ஒரு மரம், அங்க ஒரு ஏரின்னு காட்டிக்கிட்டே வருவீங்க. பாட்டுகூடப் பாடுவீங்க. அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பங்க்ல இறங்கி ஹெல்மெட்டைக் கழட்டினதும் அவர் போயிடுவாரு."

வெளியே அந்தப் பெண்மணி மைதானத்து மதிலில் சாய்ந்து காத்திருந்தார். ஆய்வாளர் பல நாள் பேசாதவர் போலத் தொண்டையைச் செருமினார். மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டுப் பழக்கம் இல்லை, ஆனாலும் கேட்டார். "தம்பி, என் தப்புதான். எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்க." மனதாரத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் தற்செயலாகக் கண் போனது. அதில் ஒரு மனிதன் மேலுதடு ஏறி, மூக்கின் இரு பக்கமும் கோடு விழுந்து, ஊசிப்போன எதையோ முகர்ந்தவன் போல உட்கார்ந்திருந்தான். வாய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. முகம் அபராதம் போட்டுக்கொண்டிருந்தது. அதைக் கீழே இறக்கப் பார்த்தார். உதடு துடித்ததே தவிர இறங்கவில்லை. தூ என்று அந்தக் கண்ணாடியிலேயே துப்பலாம் போல இருந்தது.

சகலை ஒரு நொடி திரும்பி அந்த முகத்தைப் பார்த்தான். மறுபடி மைதானத்தைப் பார்த்தான்.

"பரவால்லண்ணா" என்றான்.

"வண்டி சரியாகிடும். பேரிங் மாத்தணும், நாளாகும். ஆனதும் கிளம்பலாம். எங்கேன்னு நீயே சொல்லு."

"இந்த வருஷம் வேணாம்ணா. அப்புறம் பார்ப்போம்." கதவைத் திறந்துவிட்டு அந்தப் பெண்மணியைக் கையசைத்துக் கூப்பிட்டான். ஆய்வாளர் இறங்கினார். சாவியை நீட்டலாமா என்று சட்டைப் பையில் கை வைத்தார். அதற்குள் கார் உதறி, நின்று, மறுபடி உதறிக் கிளம்பியது. உள்ளே சகலை அந்த அம்மாளைப் பார்த்து எதையோ சிரித்துச் சொல்வது கண்ணாடி வழியே தெரிந்தது.

வீட்டுக்கு நடந்தே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளறையில் மகள் யாரோடோ போனில் கலகலவென்று பேசும் சத்தம் கேட்டது. அவர் கூடத்தில் கால் வைத்ததும் அது பட்டென்று நின்றது. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. மனைவி கட்டிலில் உலர்ந்த துணிகளைக் குவித்துப் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"மண்ணெண்ணெய் விஷயம் உனக்குத் தெரியுமா?"

"தங்கச்சி அப்பவே சொன்னா."

"நீயாவது சொல்லியிருக்கலாமே."

அவள் ஒரு துண்டை நான்காக மடித்தாள். அவர் சாத்திய கதவைப் பார்த்தார். இந்த வீட்டில் தான் வரும்போது நின்றுபோகிற பேச்சுகளை அவர் இன்றுதான் முதல் முறையாக எண்ணிப் பார்த்தார். இது பல காலமாக நடப்பதுதான். அவர்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திக் கேட்டார். "வேற என்னெல்லாம் நீயும் பொண்ணும் என்கிட்ட சொல்லாம வச்சிருக்கீங்க? நான் கோவப்பட மாட்டேன். சொல்லு."

மனைவி நிமிர்ந்தாள். சொல்ல வாயைத் திறந்தாள் என்றே அவருக்குத் தோன்றியது. அவள் கண் அவருடைய மூக்கில் தொடங்கி, இரு பக்கக் கோட்டிலும் இறங்கி, வாயோரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு உள்ளறைக் கதவுப் பக்கம் போய்விட்டுத் துணிக்குத் திரும்பியது.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த அவருடைய சட்டையை எடுத்து உதறி, மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.